பூத்தும் காய்க்காத தமரத்தை மரங்கள்

நெய்வேலி நகரியத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் வீட்டுக் கொல்லைகளில் ஆங்காங்கே தமரத்தை மரங்கள் நிற்பதைக் காணலாம். நட்சத்திரப் பழம் என்றும், கடைக்காரர் வாக்கில் ஸ்டார் புரூட் என்றும் வழங்குவது இதன் பழமே. குறுக்கே அறுத்தால் ஐந்து முனையுள்ள நட்சத்திரம் போலிருக்கும். மரம் அதிக உயரம் போகாது. வடிகாலுள்ள நமது செம்மண்ணில் கோடையில் தண்ணீர் வார்த்துவந்தால் செழித்து வளரும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூக்களை இலைக் கணுக்களிலும், முதிர்ந்த கிளைகளின் மேலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆயினும் இம்மரம் சம்பந்தமாக என்னிடம் வரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: மரம் பூக்கிறது, தரையெல்லாம் பூவாய் உதிர்கிறது, காய் மட்டும் பிடிப்பதில்லை. முறையிடுவோர் அடுத்துக் கேட்கும் கேள்வியும் ஒன்றே: வெட்டிவிடலாமா?

வெட்டவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கே எழுதுகிறேன். ஏராளமாகப் பூத்தும் காய்க்காத தமரத்தை மரத்தில் குற்றம் அநேகமாக மரத்தினுடையதன்று. அதனைத் தனியாக வைத்த நம்முடையது. இந்த உண்மையை நாம் மனத்தில் வாங்கிக்கொண்டால், கொல்லையில் நிற்கும் ஒரு மரம் பிழைப்பதோடு நில்லாது. கன்று வாங்குவதிலும், மரம் நடுவதிலும், பூக்காலத்தில் மருந்து தெளிப்பதிலும் நாம் இப்போது நடந்துவரும் முறையில் சிலவற்றை மாற்றிக்கொள்ளவேண்டியிருக்கும்.

எனது தவறு

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் என் தவற்றைச் சொல்லிவிடுவது நியாயம். நகரியத்தின் எல்லையையொட்டிய ஒரு கிராமத்தில், வசதியுள்ள ஒரு குடியானவர் வீட்டுக் கொல்லையில் வயதான தமரத்தை மரம் ஒன்று இருந்தது. 2014-ம் வருஷத்தில் அவர் என்னை அழைத்துக் காட்டினார். முன்னெல்லாம் கூடை கூடையாய்க் காய்த்த மரம், இரண்டு மூன்று வருஷங்களாகப் பூவோடு நின்றுவிடுகிறது என்றார். டிப்ளமாப் படிப்பில் கற்றதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து யோசனைகள் சொன்னேன். மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி எடுக்கச் சொன்னேன். தொழுவுரமும் சாம்பலும் இடச் சொன்னேன். தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தைக் கூட்டச் சொன்னேன். உட்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடச் சொன்னேன். அவர் ஒன்றையும் தட்டாமல் செய்தார். மரம் முன்னைவிட அதிகமாகப் பூத்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை.

அப்போது அவருடைய வயதான தாயார் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, சுவருக்கு அந்தப் பக்கம் இதைப்போல ஒரு மரம் இருந்தது. புயலிலே அது விழுந்தது. துணை போன நாளிலிருந்து இது காய்க்கவில்லை." 2011 டிசம்பர் 30-ந் தேதி கரையைக் கடந்த தானே புயலை நமது ஜில்லாவில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அப்புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புக்களையும் வேரோடு சாய்த்தது. அந்த அம்மாள் சொன்ன மரம் நகரியத்தின் பக்கத்தில், ஒரு குடியிருப்பின் பின்புறத்தில் நின்றதாம். நான் அவர் வார்த்தையைக் கிழவியின் நம்பிக்கையென்று எண்ணிப் புன்னகை செய்துவிட்டு வந்தேன். மறு வருஷமும் காய்க்காதது கண்டு, இது மலட்டு மரமாகிவிட்டது, இடத்தை வேறு காரியத்துக்கு உபயோகிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். மரம் வெட்டப்பட்டது.

சில காலத்துக்குப் பிறகு, தமரத்தைப் பூவின் அமைப்பைப்பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் அந்த அம்மாள் சொன்னது எவ்வளவு சரியென்று தெரிந்துகொண்டேன். பின்னர் நகரியத்திலேயே, பூத்தும் காய்க்காத வேறொரு மரத்தில் பரீட்சை செய்து பார்த்தேன். வேறொரு வட்டத்திலிருந்த மரத்தின் பூக்களைக் காலையில் பறித்துவந்து, இந்த மரத்தின் சில பூக்களின்மேல் தடவி, அக்கொத்துக்களில் நூல் கட்டிவைத்தேன். நூல் கட்டிய கொத்துக்களில் சில காய்கள் தங்கின. மற்றப் பூக்கள் வழக்கம்போல் உதிர்ந்தன. வெட்டுண்ட மரத்தை இனி மீட்க இயலாது. அதேபோன்ற தவறான யோசனை இன்னொரு கொல்லையில் சொல்லப்படாமலிருக்கவே இதனை எழுதுகிறேன்.

பூவின் இரு தினுசுகள்

பனையில் ஆண் பனையும் பெண் பனையும் உண்டென்பதும், ஆண் பனை காய்க்காதென்பதும் நம் நாட்டில் குழந்தைகளுக்குங்கூடத் தெரியும். பப்பாளியிலும் அப்படியே ஆண் மரத்தைக் கண்டுகொள்கிறோம். பூசணி, பாகல் முதலிய கொடிகளில் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. தமரத்தையின் விஷயம் இவற்றில் எதனோடும் சேராது. இதன் ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பாகிய மகரந்தத் தாள்களும் உண்டு. பெண் உறுப்பாகிய சூல்தண்டுகளும் உண்டு. ஆகையால் மேலாகப் பார்ப்பவர், ஒரு மரமே தனக்குத் தான் போதுமென்று நினைப்பது இயல்பு.

உண்மை வேறு. தமரத்தை மரங்கள் இரண்டு தினுசாக இருக்கின்றன. ஒரு தினுசு மரத்தின் பூக்களில் சூல்தண்டுகள் நீண்டு, அவற்றின் முடிகள் மகரந்தப் பைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும். மற்றத் தினுசு மரத்தின் பூக்களில் சூல்தண்டுகள் குட்டையாய்க் கீழே தங்கிவிட, மகரந்தப் பைகள் மேலே நிற்கும். சௌகரியத்துக்காக முதலாவதை நெட்டைத் தண்டுப் பூ என்றும், இரண்டாவதைக் குட்டைத் தண்டுப் பூ என்றும் அழைப்போம். ஒரு மரத்தில் ஒரு தினுசுப் பூவே பூக்கும். நெட்டைத் தண்டு மரத்துக்குக் குட்டைத் தண்டு மரத்தின் மகரந்தம் வேண்டும். குட்டைத் தண்டு மரத்துக்கு நெட்டைத் தண்டு மரத்தினுடையது வேண்டும். தன் மகரந்தமோ, தன் தினுசைச் சேர்ந்த வேறு மரத்தின் மகரந்தமோ சூல்முடியில் விழுந்தால் பெரும்பாலும் கருத்தரிப்பதில்லை. ஆகவே இவற்றில் ஒன்று ஆண், ஒன்று பெண் என்று சொல்வது தவறு. இரண்டும் காய்க்கக்கூடியவை, ஒன்றுக்கொன்று உதவியாய் இருந்தால் மட்டுமே நன்றாய்க் காய்ப்பவை.

இந்த ஏற்பாட்டின் பொருத்தத்தைத் தேனீயைக் கவனித்தால் அறியலாம். குட்டைத் தண்டுப் பூவில் தேனுண்ண வரும் ஈயின் உடலில், உயரத்திலுள்ள மகரந்தப் பை படும் இடத்தில் பொடி ஒட்டுகிறது. அந்த ஈ நெட்டைத் தண்டுப் பூவுக்குச் செல்லும்போது, உயர்ந்து நிற்கும் சூல்முடி உடலின் அதே இடத்தில் உராய்கிறது. மறுபடியும் கீழே ஒட்டிய மகரந்தம் கீழேயுள்ள சூல்முடிக்குப் போய்ச் சேருகிறது. நமது வயல் வரப்புக்களில் தரையோடு படர்ந்திருக்கும் புளியாரை, தமரத்தையின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அக்குடும்பத்தில் இவ்விதப் பூ அமைப்பு வழக்கமாய்க் காணப்படுவது. தாவரங்களில் இத்தகைய ஏற்பாடு உண்டென்பதை சார்லஸ் டார்வின் 1877-ல் ஒரு தனிப் புத்தகமாகவே விரித்து எழுதினார். எனவே இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமன்று. கொல்லைவரை வந்து சேராத விஷயம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லவேண்டும். தனியாக வைத்தாலும் காய்க்கக்கூடிய சில ரகங்கள் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் பயிரிடப்படும் ஆர்க்கின், கோல்டன் ஸ்டார் என்பவை அத்தகையன. மலேசியாவிலோ பி-10 என்ற பிரசித்தமான ரகத்தை நடுவோர், காய்ப்புக்காக அதனிடையே வேறு ரக மரங்களையும் கலந்து நடுகிறார்கள். நமது கொல்லைகளில் நிற்பவை பெரும்பாலும் பெயர் தெரியாத விதைக்கன்றுகளாதலால், மரம் தனக்குத் தானே காய்க்குமென்று நம்பியிருப்பதற்கில்லை.

பூவைப் பார்க்கும் முறை

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடி ஒன்று போதும். வெயில் ஏறியபின், அன்று காலையில் விரிந்த பூவாகப் பார்த்து நாலைந்து பறித்துக்கொள்ளவேண்டும். பூ மிகச் சிறியது. அரை அங்குலங்கூட இராது. இதழ்கள் ஐந்தையும் மெதுவாக விலக்கினால் நடுவே ஐந்து சூல்தண்டுகள் தெரியும். அவற்றின் முடிகள் மகரந்தப் பைகளுக்கு மேலே எட்டிப்பார்க்கின்றனவா, கீழே பதுங்கியிருக்கின்றனவா என்று கவனிக்கவேண்டும். ஒரு பூவைப் பார்த்து முடிவு கட்டாமல் நாலைந்து கொத்துக்களில் பார்த்தால் சந்தேகம் தீரும். பிறகு அக்கம்பக்கத்து மரங்களிலும் பார்த்து, யாருடைய கொல்லையில் எந்தத் தினுசு நிற்கிறதென்று குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

எதிர்த் தினுசு மரம் பக்கத்தில் இல்லாவிட்டால் கையாலேயே மகரந்தம் சேர்த்துப் பார்க்கலாம். மற்றத் தினுசு மரத்திலிருந்து புதிதாய் விரிந்த பூக்களை ஒரு சிறு டப்பாவில் கொண்டுவந்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பூவோடு பூவை மெல்ல உராயச் செய்யவேண்டும். மெல்லிய ஓவியத் தூரிகையையும் உபயோகிக்கலாம். தடவிய கொத்தில் வர்ண நூல் கட்டிவைக்கவேண்டும். காய் பிடித்ததிலிருந்து பழுக்க ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை மாதம் ஆகும். இதை மரம் முழுவதும் செய்வது வீண் சிரமம். காரணம் இதுதானா என்று தீர்மானிக்கப் பத்துக் கொத்துக்களில் செய்தால் போதும். காய் தங்கினால் மரத்துக்குத் துணை வேண்டுமென்று அறிந்துகொள்ளலாம். அப்போது எதிர்த் தினுசுக் கன்று ஒன்றை நடலாம், அல்லது எதிர்த் தினுசு மரத்தின் கிளையொன்றைக் கொண்டுவந்து இதே மரத்தில் ஒட்டுக் கட்டலாம். இடமில்லாத சிறு கொல்லைகளுக்கு ஒட்டுக் கட்டுவதே சிலாக்கியம்.

காய்க்காததற்கு வேறு காரணங்களும் உண்டென்பதை மறைக்கலாகாது. விதைக்கன்று நாலைந்து வருஷத்துக்குமுன் காய்க்காமலிருப்பது சகஜம். கடுங்காற்று வீசுமிடத்தில் பூவும் பிஞ்சும் நிலைப்பதில்லை. இம்மரம் காற்றுக்கு மிகவும் இளைத்தது. பூக்காலத்தில் வேர்ப்பகுதி காய்ந்துவிட்டாலும், ஓயாமல் மழை பெய்தாலும் பூ உதிரும். தழைச்சத்து மிதமிஞ்சினால் இலை கொழித்துப் பூ குறையும். ஆனால் இக்காரணங்களுள் பெரும்பாலானவற்றில் மரம் குறைவாகப் பூக்கும், அல்லது கொஞ்சமாவது காய்க்கும். வயது வந்த மரம், நல்ல ஊட்டத்தோடு, வருஷந்தோறும் நிறையப் பூத்து, ஒரு காயுமின்றி நிற்குமானால், உர மூட்டையை அவிழ்க்குமுன் பூதக்கண்ணாடியை எடுக்கவேண்டும்.

ஒட்டுக்கன்றும் விதைக்கன்றும்

கன்று வாங்குவோர் ஒன்றைச் சிந்திப்பதில்லை. ஒரே தாய் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றுகள் அத்தனையும் அத்தாய் மரத்தின் தினுசாகவே இருக்கும். ஒருவர் பத்து ஒட்டுக்கன்று வாங்கி வரிசையாக நட்டுவிட்டு, இத்தனை மரம் இருக்கிறதே, துணைக்கு என்ன குறைவு என்று நினைக்கலாம். அந்தப் பத்தும் மகரந்தத்தைப் பொறுத்தமட்டில் ஒரே மரந்தான். தனக்குத் தானே காய்க்காத ரகமானால் பத்து மரமும் பூத்து உதிர்ந்துகொண்டே நிற்கும்.

விதைக்கன்றின் நிலைமை வேறு. எதிரெதிர்த் தினுசுகள் சேர்ந்து உண்டாகிய பழத்தின் விதைகளில், இவ்வகைச் செடிகளின் பொது விதிப்படி, ஏறக்குறையப் பாதி நெட்டைத் தண்டும் பாதி குட்டைத் தண்டுமாக முளைக்கும். ஆகவே ஒரு விதைக்கன்றை மட்டும் நடுவது சூதாட்டம்போல. இரண்டு நட்டால் அவை எதிரெதிராய் அமையப் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம் உண்டு. மூன்று நட்டால் நாலில் மூன்று பங்கு. நாலு நட்டால் எட்டில் ஏழு பங்கு. ஒரு தெருவில் நாலு வீட்டார் பேசிக்கொண்டு ஆளுக்கொரு கன்று வைத்தாலே காரியம் முடிந்துவிடும். விதைக்கன்றின் பழம் இனிப்பாயிருக்குமா புளிப்பாயிருக்குமா என்று முன்கூட்டிச் சொல்ல இயலாதென்பதும், அது காய்ப்புக்கு வரத் தாமதமாகுமென்பதும் மெய்யே. ஆதலால் நல்ல இனிப்பு ரகத்தில் ஒரு ஒட்டுக்கன்றும், எதிர்த் தினுசில் வேறொரு ரகத்து ஒட்டுக்கன்றும் ஜோடியாக வைப்பதே உத்தமம். இதற்கு நாற்றுப் பண்ணைக்காரர்களின் உதவி இன்றியமையாதது. தாய் மரம் எந்தத் தினுசென்று சீட்டில் எழுதிக் கன்றோடு கட்டித் தருவதில் அவர்களுக்குச் செலவு ஒன்றுமில்லை. வாங்குவோர் கேட்க ஆரம்பித்தால் அவர்களும் எழுத ஆரம்பிப்பார்கள்.

தேனீயின் பங்கு

இரு தினுசு மரமும் இருந்து, இடையில் தூது செல்ல ஈயில்லாவிட்டால் பயனில்லை. தமரத்தையின் மகரந்தத்தைக் கொண்டு செல்வன தேனீக்களும், அவற்றையொத்த சிறு ஈக்களும், வேறு பூச்சிகளுமே. நமது பக்கத்தில் பொந்துகளிலும் சுவர் இடுக்குகளிலும் அடுக்குத் தேனீயும் கொசுத் தேனீயும் கூடு வைக்கின்றன. கொசுத் தேனீ கொட்டாது, மிகச் சிறியது, தமரத்தை போன்ற சிறு பூக்களில் நுழைந்து வேலை செய்யத் தகுந்தது. வீட்டுச் சுவரில் அதன் மெழுகுக் குழாய் நீண்டிருப்பதைக் கண்டதும் சிமெண்டு வைத்துப் பூசிவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. தமக்கு ஒரு தீங்கும் செய்யாத ஈயை அடைத்துவிட்டு, அதே கொல்லையிலுள்ள மரம் காய்க்கவில்லையென்று குறைப்படுவது பொருத்தமாகாது.

தேனீக்களுக்கு நம் நாட்டில் ஏற்கெனவே பெரிய நஷ்டம் நேர்ந்திருக்கிறது. 1910-களில் நியூட்டன் பாதிரியார் அமைத்த எளிய தேன்பெட்டி தென்னிந்தியாவில் நல்ல பெயர் பெற்று, மார்த்தாண்டம் போன்ற இடங்களில் தேனீ வளர்ப்பு ஒரு ஜீவனோபாயமாகவே வளர்ந்தது. 1991, 1992 வருஷங்களில் பரவிய தாய் ஸாக்புரூட் என்னும் வைரஸ் வியாதி தென்னாட்டின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும் பகுதியை அழித்தது. பின்னர் அவை மெல்ல மெல்லத் தேறின. வியாதியைத் தடுப்பது நம் கையிலில்லாமலிருக்கலாம். விஷத்தைத் தடுப்பது நம் கையிலேயே இருக்கிறது.

நம் ஜில்லாவில் முந்திரி பூக்கும் சமயத்தில் தேயிலைக் கொசுவுக்காகப் பூச்சி மருந்து தெளிக்கிறோம். முந்திரிக்கும் பூச்சிகளே மகரந்தம் சேர்க்கின்றன என்பதைப் பலர் கருதுவதில்லை. காலை வேளையில், பூ விரிந்து தேனீ மொய்க்கும்போது மருந்து அடித்தால், பயிரைக் கெடுக்கும் பூச்சியோடு காயைத் தரும் பூச்சியும் மாண்டுபோகிறது. சேதம் உண்மையாகவே தோன்றியிருந்தால் மட்டும் தெளிக்கவேண்டும். தெளிப்பதாயின் தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, அந்திப் பொழுதுக்கு மேல் தெளிக்கவேண்டும். பக்கத்தில் தேன்பெட்டி வைத்திருப்பவருக்கு முன்னாளே சொல்லி அனுப்பவேண்டும்.

காய்ப்புக் குறைவுக்குப் பூச்சியின்மை காரணமாயிருக்கக்கூடும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் மலேசியாவிலேயே கிடைக்கிறது. தமிழ்த் தொழிலாளர் ஏராளமாக உழைத்த அந்நாட்டுத் தோட்டங்களில், எண்ணெய்ப் பனைக்கு ஆட்களைக் கொண்டு கையால் மகரந்தம் தூவும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அம்மரத்தின் தாயகமாகிய ஆப்பிரிக்காவில் அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு என்று அறிந்து, காமரூனிலிருந்து அதனைக் கொண்டுவந்து 1981-ல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். விளைச்சல் உயர்ந்தது, கையால் தூவும் செலவும் நின்றது. ஒரு தேசத்தின் பெரிய தோட்டப் பயிருக்கே உரத்தைவிட வண்டு அவசியமாயிருந்ததென்றால், நமது கொல்லை மரத்தின் விஷயத்தில் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

ஆக்ஷேபணைகளுக்குச் சமாதானம்

இவ்வளவு சிரமப்பட்டு வளர்க்க இந்தப் பழத்துக்கு விலை உண்டா என்று நிலச்சொந்தக்காரர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தமரத்தையை ஏக்கர் கணக்கில் பயிரிடும்படி நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன். பழத்தின் விளிம்புகள் எளிதில் நசுங்கும்; தூரத்துச் சந்தைக்கு அனுப்புவது கஷ்டம்; நம் ஊர்களில் வாங்குவோரும் கொஞ்சமே. பலாவும் முந்திரியும் இருக்குமிடத்தில் இது பணப்பயிராகாது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு ஒரு மரம் நல்லதே. இனிப்பு ரகத்தைப் பழமாய் உண்ணலாம். புளிப்பு ரகம் ஊறுகாய்க்கும் சாற்றுக்கும் ஏற்றது. இந்தியாவில் பொதுவாகப் புரட்டாசியையொட்டி ஒரு முறையும், மார்கழியையொட்டி மற்றொரு முறையும் பழம் கிடைக்கிறது. அதோடு, இச்சிறிய மரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் நமது முந்திரிக்கும், எள்ளுக்கும், கொடிக்காய்களுக்கும் உதவும்.

இப்பழத்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை செய்யாமல் இருப்பது குற்றமாகும். சிறுநீரக வியாதியுள்ளவர்கள் தமரத்தைப் பழத்தையோ சாற்றையோ ஒரு துளியும் உட்கொள்ளலாகாது. இதிலுள்ள காரம்பாக்ஸின் என்னும் நஞ்சை 2013-ல் பிரேஸில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பிரித்தறிந்து வெளியிட்டார்கள். சிறுநீரகம் சரியாயிருந்தால் அது உடலைவிட்டு வெளியேறிவிடும். இல்லாவிட்டால் தேங்கி மூளையைத் தாக்கும். ஓயாத விக்கல், வாந்தி, புத்தித் தடுமாற்றம், வலிப்பு என்று முற்றி மரணமும் நேர்ந்ததுண்டு. பழத்தில் ஆக்ஸாலிக் அமிலமும் அதிகமாதலால், ஆரோக்கியமுள்ளவர்களுங்கூட வெறும் வயிற்றில் சாற்றை மிகுதியாய்க் குடிப்பது தகாது. சர்க்கரை வியாதி நெடுநாள் உள்ளவர்கள் தங்கள் சிறுநீரகத்தின் நிலையை வைத்தியரிடம் தெரிந்துகொண்ட பிறகே இதைத் தொடவேண்டும். மரம் நன்றாய்க் காய்க்கும்படி யோசனை சொல்லும் எனக்கு இதையும் சேர்த்துச் சொல்லும் கடமை உண்டு. பழத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது இந்த எச்சரிக்கையையும் சொல்லிக் கொடுங்கள்.

இனிச் செய்யத்தக்கவை

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மரங்களை நாம் எண்ணிக்கையால் கணக்கிட்டே பழகிவிட்டோம். அடங்கலில் இத்தனை மரம் என்று பதிகிறோம். மரம் நடும் நாளில் இத்தனை கன்று நட்டோம் என்று எழுதுகிறோம். எந்த மரத்துக்கு எது துணை என்று எழுதுவதில்லை. பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், ஏரிக்கரை ஆகிய பொது இடங்களில் பழமரம் நடும்போது, துணை தேவைப்படும் இனங்களை ஒற்றையாக நடாமல் ஜோடியாகவோ, மூன்று நாலாகவோ நடும்படி செய்யவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தால், ஊரிலுள்ள தமரத்தை மரங்களின் தினுசையெல்லாம் ஒரு பூப்பருவத்தில் அவர்களே பார்த்து எழுதிக்கொடுத்துவிடுவார்கள்.

நெய்வேலியைச் சூழ்ந்த பூமியில் இக்காரியம் இன்னும் அவசரமானது. 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது முதல் இங்கே கிராமங்களும் தோப்புக்களும் இடம் மாறிவந்திருக்கின்றன. பொந்துள்ள பழைய மரம் ஒன்று போகும்போது அதிலிருந்த தேனீக் கூடும் போகிறது. தோண்டி நிரப்பிய நிலங்களில் மரம் வளர்க்கும் வேலையும் நடந்துவருகிறது. அங்கே ஒரே இனத்தை வரிசை வரிசையாக நடுவதைவிட, வெவ்வேறு காலங்களில் பூக்கும் பல இனங்களைக் கலந்து நட்டால் தேனீக்களுக்கு வருஷம் முழுவதும் இரை கிடைக்கும். நகரியத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே சுவர் இருக்கிறது; தேனீ அதைக் கவனிப்பதில்லை. அந்தப் பக்கத்து மரம் இந்தப் பக்கத்துக் காய்ப்புக்குக் காரணமாயிருந்ததை நான் மேலே சொன்ன கிராமத்தில் கண்டோம். ஆகையால் இருபுறத்தாரும் கலந்து யோசித்து நடுவது இருபுறத்தாருக்கும் லாபம்.

கொல்லையில் காய்க்காத தமரத்தை வைத்திருக்கும் அன்பர்கள் இந்தப் பூப்பருவத்தில் கோடாரியை எடுக்கவேண்டாம். பூவைப் பாருங்கள், அக்கம்பக்கத்து மரங்களைப் பாருங்கள், முன்பு பக்கத்தில் இருந்து போன மரம் ஏதாவது உண்டா என்று வீட்டிலுள்ள முதியோரிடம் விசாரியுங்கள். சந்தேகமிருந்தால் பூக்கொத்து இரண்டை ஈரத்துணியில் சுற்றி, அன்று காலையிலேயே அருகிலுள்ள விவசாய அல்லது தோட்டக்கலை ஆபீஸுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். எந்தத் தினுசென்று பார்த்துச் சொல்ல ஐந்து நிமிஷத்துக்குமேல் ஆகாது.